கரிசலில் தொடங்கிக் கரிசலுக்குத் திரும்பிய தொழிலாளர் முன்னோடி: வ.உ.சிதம்பரனாரின் வாழ்வும் கோவில்பட்டி ஆண்டுகளும்

ஆய்வுச் சுருக்கம்

வ.உ.சிதம்பரனார் (1872–1936) தமிழ்ப் பொதுமனத்தில் 'கப்பலோட்டிய தமிழர்' என்னும் ஒற்றை அடையாளத்தோடு நிலைபெற்றுள்ளார். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அவர் வழிநடத்தியமை, அவ்வடையாளத்தின் துணை நிகழ்வாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அவர் கோவில்பட்டியில் வழக்கறிஞராக வாழ்ந்த ஆண்டுகளோ வீழ்ச்சியின் காலமாகச் சில வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. தொழிலாளர் பணி அவருக்குக் கப்பல் போட்டியின் ஓர் உத்தியாக மட்டும் இருந்ததா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. அப்பணி கப்பல் நிறுவனம் மறைந்த பின்னும் தொடர்ந்தது என்பதை எடுத்துக்காட்டி, அது ஆட்சிப் பொறுப்பில் முடியாமற் போனதற்கான நிறுவனச் சூழலை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வ.உ.சிதம்பரனார், கோவில்பட்டி, கரிசல், கோரல் ஆலை, தொழிற்சங்கம், சுதேசியம்.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் விடுதலை இயக்கங்கள் பலவற்றில் ஒரே வடிவிலான வாழ்க்கைப் பாதை ஒன்றைக் காணமுடிகிறது. இளமையில் தொழிலாளரிடையே பணி, பின்னர் கட்சி அரசியல், இறுதியில் அமைச்சராகவோ தூதராகவோ அரசின் உயர் அலுவலராகவோ ஆட்சிப் பொறுப்பு என்பதே அப்பாதை. இந்தியாவில் வி.வி.கிரி இதற்குத் தெளிவான சான்று. இரயில்வேத் தொழிலாளர் தலைவராகத் தொடங்கிய அவர் 1969-இல் குடியரசுத் தலைவரானார்.

தமிழகத்தின் முதல் தலைமுறைத் தொழிலாளர் தலைவர்களுள் முன்னிற்பவரான வ.உ.சி.யின் வாழ்வு இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அவர் அரசு அலுவலில் தொடங்கினார், வழக்கறிஞரானார், சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டார், தொழிலாளரைத் திரட்டினார், சிறை சென்றார், இறுதியில் தாம் பிறந்த கரிசல் நிலத்திற்கே திரும்பி, கோவில்பட்டியில் மீண்டும் வழக்கறிஞராக அமர்ந்தார். தொடக்கத்தில் வட்டாட்சி அலுவலக எழுத்தராக இருந்த குறுகிய காலமே அவர் அரசுப் பணியில் இருந்த காலம்.

இத்தலைகீழ் வரிசையைத் தனிமனிதத் துயரமாக மட்டும் வாசிக்கும் போக்கு நம்மிடையே வலுவாக உள்ளது. செக்கிழுத்த செம்மலை நாடு மறந்தது என்னும் கழிவிரக்கத்தில் உண்மை உண்டு. எனினும் அது விளக்கமாகாது. ஒரு தொழிலாளர் முன்னோடி அரசியலதிகாரத்தை அடைய எவ்வெவ் வாயில்கள் திறந்திருக்க வேண்டும், அவற்றுள் எவை வ.உ.சி.யின் காலத்தில் மூடியிருந்தன என்று வினவுவதே ஆய்வுக்கு உகந்த வழியாகும்.

கரிசல் நிலமும் பருத்தியும்

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி நிலம். ஆற்றுப்பாசனம் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் விதைத்து, கரிசல் மண் தேக்கி வைத்திருக்கும் ஈரத்தைக் கொண்டே பயிர் விளைவிக்க வேண்டும். கம்பும் சோளமும் வீட்டுக்கு, பருத்தி சந்தைக்கு. வரி கட்டவும் கடன் அடைக்கவும் உழவர் கையில் பணமாக மாறும் பயிர் பருத்தியே.

1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்கு ஏற்பட்ட தேவையால் இவ்வட்டாரத்தின் பருத்தி உலகச் சந்தையோடு நெருக்கமாகப் பிணைந்தது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது. அப்பாதையில் அமைந்த கோவில்பட்டி, கரிசலின் பஞ்சு துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வழியில் முதன்மையான நிலையமாக வளர்ந்தது. 1901-இல் பருத்தி உள்ளிட்ட மானாவாரிப் பயிர்களுக்கான வேளாண் ஆராய்ச்சி நிலையம் இங்கு நிறுவப்பட்டமை, அரசு இந்நிலத்தின் பருத்திக்கு அளித்த முதன்மையைக் காட்டுகிறது.

பஞ்சு ஏற்றுமதியில் ஈடுபட்ட ஹார்வி நிறுவனம், பஞ்சு விளையும் இடத்திற்கு அருகிலேயே நூற்பாலைகளை அமைத்தது. அம்பாசமுத்திரம் பகுதியிலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் அதன் ஆலைகள் எழுந்தன. கரிசலில் மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிய குடும்பங்களுக்கு ஆலைவாயில் ஒரு புகலிடம். நிலத்தின் வறட்சியும் ஆலையின் கூலியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த ஒருவர் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளரின் சிக்கலைப் பேசியபோது, அது அவருக்கு அயலார் சிக்கலாக இருந்திருக்க இயலாது. வ.உ.சி.யைத் துறைமுகத்தோடு மட்டும் இணைத்துப் பார்க்கும்போது, துறைமுகத்திற்குப் பின்னால் விரிந்துகிடக்கும் இக்கரிசல் பரப்பு கண்ணில் படாமற் போகிறது.

வட்டாட்சி அலுவலகத்திலிருந்து வழக்குமன்றத்திற்கு

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக்கல்வி பெற்ற பின், ஓட்டப்பிடாரம் வட்டாட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1895-இல் ஓட்டப்பிடாரத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

எழுத்தர் பணிக்காலம் குறுகியதே. ஆயினும் கரிசல் வட்டாரத்தில் வட்டாட்சி அலுவலகம் என்பது பட்டா, நிலவரி, தண்டல், வறட்சிக் காலத் தள்ளுபடி என உழவர் வாழ்வின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் இடம். அரசு மக்களிடம் எப்படிப் பேசுகிறது என்பதை அதன் உள்ளிருந்து அறியும் வாய்ப்பு அது. அடுத்து வந்த வழக்கறிஞர் தொழிலில் அவர் எளியவர் பக்கம் நின்று, காவல்துறை தொடுத்த குற்ற வழக்குகளில் எதிர்வாதம் புரிந்தார். இதனால் உள்ளூர் அலுவலரின் பகைமை வளரவே, தந்தையின் ஏற்பாட்டின்படி 1900-இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். கப்பலுக்கும் காங்கிரசுக்கும் முன்பே, அதிகாரத்தின் முன் எளியவருக்காக வாதிடுவது அவர் தொழிலின் இயல்பாகிவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

சுதேசியமும் மூலதனமும்

1905 வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம் தூத்துக்குடியில் வணிக வடிவம் பெற்றது. 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. பத்து இலட்சம் ரூபாய் மூலதனம், பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள் என்பது அதன் திட்டம். பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக விளங்கினார். 1907-இல் 'காலியோ', 'லாவோ' என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் அதுவரை கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, கட்டணத்தைக் குறைத்து இப்புதிய நிறுவனத்தை நசுக்க முனைந்தது.

பங்கின் விலை 25 ரூபாய் எனக் குறைவாக வைக்கப்பட்டமை கவனத்திற்குரியது. செல்வர் சிலரின் உடைமையாக அன்றி, பலரின் சிறு முதலீட்டில் எழும் பொது நிறுவனமாகவே வ.உ.சி. அதனைக் கண்டார். எனினும் அது வணிகர்களின் மூலதனத்தைச் சார்ந்த நிறுவனம்தான். அதன் உயிர்நாடியான அவர், சில மாதங்களுக்குள் ஓர் ஆலையின் தொழிலாளரைத் திரட்டி மூலதனத்தை எதிர்த்து நின்றார். இவ்விரண்டும் எவ்வாறு ஒருவரிடத்தே பொருந்தின என்பது விளக்கம் வேண்டும் வினா.

கோரல் ஆலை வேலைநிறுத்தம், 1908

கோரல் ஆலைத் தொழிலாளரின் நிலை அக்காலத்துப் பிற ஆலைகளின் நிலையிலிருந்து வேறுபட்டதன்று. நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, ஓய்வுநாளின்மை, கடுமையான தண்டனைகள் ஆகியன முறையீடுகளாக இருந்தன. நூற்பாலைகளில் வயதுவந்த ஆண் தொழிலாளரின் வேலைநேரத்திற்குச் சட்டப்படியான உச்சவரம்பு 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில்தான் வந்தது. ஆகவே 1908-இல் வேலைநேரக் குறைப்பைக் கேட்டவர்கள், சட்டம் இன்னும் வழங்காத ஒன்றையே கேட்டார்கள்.

1908 பிப்ரவரியில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தபின், வ.உ.சி.யும் அவரும் கடற்கரைக் கூட்டங்களில் தொடர்ந்து உரையாற்றினர். பிப்ரவரி 23 அன்று வ.உ.சி. ஆலைத் தொழிலாளரை நோக்கிப் பேசினார். பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் பிற வசதிகளும் கோரிக்கைகளாயின. நகரமக்கள் பொருளுதவி செய்தனர். வேலையிழந்தோருக்கு மாற்றுவேலை தேடித்தரும் முயற்சியும் நடந்தது. ஒன்பது நாள்களுக்குப்பின், மார்ச் 6 அன்று, நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் ஏற்கப்பட்டன. அரவிந்தரின் 'வந்தே மாதரம்' இதழ் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதியது.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கோரல் ஆலையை நடத்திய ஹார்வி நிறுவனமே தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் முகவராகவும் விளங்கியது. அவ்வாறாயின், ஆலையில் எழுந்த வேலைநிறுத்தம் கடலில் நடந்த போட்டியின் நீட்சிதானே? எதிரியின் மற்றொரு கையை முறுக்கும் உத்திதானே? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. இரு நிறுவனங்களுக்கும் இடையிலான இத்தொடர்பை வ.உ.சி. அறியாதிருந்திருக்க இயலாது.

ஆயினும் இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தொழிலாளர் பணி கப்பல் போட்டியின் கருவி மட்டுமே என்றால், கப்பல் நிறுவனம் மறைந்தபின் அப்பணியும் நின்றிருக்க வேண்டும். 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அதன்பின் வ.உ.சி.யின் தொழிலாளர் ஈடுபாடு நின்றதா, தொடர்ந்ததா என்பதே விடை தரும். அதற்கு முன் 1908 மார்ச் நிகழ்வுகளைச் சுருக்கமாகக் காண்பது தேவை.

அரசியல் வேலைநிறுத்தம் என்னும் முன்னிகழ்வு

ஆலை வேலைநிறுத்தம் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 9 அன்று, விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்களும் ஊர்வலமும் நடந்தன. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் திருநெல்வேலியில் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி வெடித்தது. அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். சவரத் தொழிலாளர், வண்டியோட்டுநர் எனப் பிற உழைப்பாளரும் அவர்களோடு சேர்ந்தனர்.

முதல் வேலைநிறுத்தம் கூலிக்காக நடந்தது. இரண்டாவது, தங்கள் தலைவரின் சிறைப்பாட்டைக் கண்டித்து நடந்தது. இவ்வேறுபாடு வரலாற்றெழுதியலில் பெரிய பொருளுடையது. இந்தியத் தொழிலாளரின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் எனப் பொதுவாகச் சுட்டப்படுவது, 1908 சூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் நடத்திய வேலைநிறுத்தமாகும். லெனின் அதனைக் குறிப்பிட்டு எழுதியமையால் அதற்கு உலகக் கவனமும் கிட்டியது. தூத்துக்குடி நிகழ்வோ அதற்கு நான்கு மாதங்கள் முந்தியது. அளவில் பம்பாய் பெரிது. காலத்தில் தூத்துக்குடி முந்தியது. ஆ.சிவசுப்பிரமணியன் தமது 'வ.உ.சியும் முதல் தொழிலாளர் வேலைநிறுத்தமும்' என்னும் நூலில் இவ்வேலைநிறுத்தத்தை மையப்பொருளாக்கி ஆராய்ந்தமை இவ்வகையில் முன்னோடிப் பணியாகும்.

அதே வேளையில் இவ்வெற்றியின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். 1908-இன் வேலைநிறுத்தம் நிலையான சங்கம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. உறுப்பினர் பட்டியலோ, சந்தாவோ, நிதியோ இல்லை. தலைவர் சிறைப்பட்டதும் அமைப்பும் இல்லாமற் போயிற்று. ஐரோப்பியர் நடத்திய ஆலையில் எழுப்பிய குரல், உள்நாட்டு முதலாளிகளின் தொழிலகங்களிலும் கரிசல் நிலவுடைமையாளரின் களத்துமேட்டிலும் எழவில்லை என்பதும் உண்மை. சுதேசியத்தின் எல்லை அதுவாக இருந்தது.

சிறையும் உடலுழைப்பும்

1908 சூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரண்டு வாழ்நாள் தண்டனைகளை விதித்தார். உயர்நீதிமன்ற மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பர் 24 அன்று அவர் விடுதலையானார். கோயம்புத்தூரில் அவர் செக்கிழுத்தமை யாவரும் அறிந்தது. அச்செக்கு இன்று சென்னைக் கிண்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

செக்கு ஒரு தியாகச் சின்னமாக மட்டும் காணப்படுவதால் மற்றொரு பொருள் மறைந்து விடுகிறது. ஆலைத் தொழிலாளரின் வேலைநேரத்தைப் பற்றி வாதிட்ட வழக்கறிஞர், கட்டாய உடலுழைப்பைத் தம் உடலாலேயே அறிந்தவராகச் சிறையிலிருந்து வெளியே வந்தார். வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் நிறுவனம் இல்லை. அவர் சென்னையில் குடியேறினார்.

சென்னை ஆண்டுகள்: தொடர்ச்சியின் சான்று

1912-க்குப் பிந்தைய சென்னை வாழ்வில் வறுமை நிலையான துணையாயிற்று. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டியளித்த 347 ரூபாய் 12 அணாவைப் பெறுவதற்காக 1915–16-இல் அவர் காந்தியடிகளோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, அவ்வறுமையின் ஆழத்தைக் காட்டும் ஆவணமாகும்.

இச்சூழலிலும் அவர் தொழிலாளர் மேடைகளை விட்டு விலகவில்லை. அவர் வாழ்ந்த பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர் நிறைந்தது. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அக்காலத்துத் தொழிலாளர் கூட்டங்களில் வ.உ.சி. பங்கேற்று உரையாற்றினார். பின்னர் கோயம்புத்தூரில் வாழ்ந்த காலத்தும் தொழிலாளர் பணியில் ஈடுபட்டார்.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு இங்கு விடை கிட்டுகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அவருக்குக் கப்பலும் இல்லை, கப்பல் போட்டியும் இல்லை. அவர் பெறக்கூடிய வணிகப்பயன் எதுவுமில்லை. எனினும் தொழிலாளரிடையே நின்றார். ஆகவே 1908-இன் வேலைநிறுத்தத்தில் போட்டியின் உத்தியும் கலந்திருந்தது என ஏற்றாலும், அதுவே அதன் வேர் எனக் கொள்ள இயலாது.

1920-இல் கல்கத்தாச் சிறப்பு மாநாட்டில் காங்கிரசு ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றபின் அவர் அவ்வியக்கத்திலிருந்து விலகினார். திலகர் வழியில் வந்தவர்க்குக் காந்திய முறை உடன்பாடாகவில்லை. தொழிலாளர் பணியை அரசியல் வாழ்வாக மாற்றிக்கொள்ளப் பெரிய கட்சியொன்றின் துணை தேவைப்பட்ட காலத்தில் அவர் கட்சியற்றவரானார்.

கோவில்பட்டி ஆண்டுகள்

நீதிபதி வாலஸின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைத்தது. நன்றிக்கடனாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். 1920-களின் நடுப்பகுதியிலிருந்து 1932 வரை கோவில்பட்டியில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். ஓட்டப்பிடாரமும் எட்டயபுரமும் அண்மையில். கலெக்டர் ஆஷ் 1911-இல் சுட்டுக் கொல்லப்பட்ட மணியாச்சிச் சந்திப்பு, அதே இருப்புப்பாதையில் தெற்கே. தாம் இளமையில் விட்டு நீங்கிய நிலத்திற்கே, ஐம்பது வயதைக் கடந்த நிலையில் அவர் திரும்பியிருந்தார்.

தமிழாய்வுலகில் கோவில்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது கரிசல் இலக்கியம். இடைசெவல் தந்த கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி ஆகியோரின் வழியாகவே இந்நிலம் ஆய்வுக்குள் நுழைகிறது. அதற்கு ஒரு தலைமுறை முன்னர் தொல்காப்பியப் பதிப்பாசிரியர் ஒருவர் இவ்வூரில் வழக்கறிஞராக வாழ்ந்தார் என்பது அரிதாகவே நினைவுகூரப்படுகிறது. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்த வ.உ.சி., 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பில் ஈடுபட்டார். பொருளதிகாரப் பதிப்பில் ச.வையாபுரிப்பிள்ளை அவரோடு இணைந்தார்.

அரசியலும் முற்றாக நின்றுவிடவில்லை. 1927-இல் சேலம் மாவட்ட அரசியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அவ்வுரை 'எனது அரசியற் பெருஞ்சொல்' என்னும் பெயரில் வெளிவந்தது. பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் பிணக்கை விடுதலைக்குத் தடையாக நிற்கும் சிக்கலாகக் கண்டு அதில் அவர் பேசினார். கோவில்பட்டியில் வாழ்ந்த வ.உ.சி. ஒதுங்கி ஓய்ந்தவர் அல்லர் என்பதற்கு இது போதிய சான்று.

எனில் இவ்வாண்டுகள் ஏன் வீழ்ச்சியாக எழுதப்படுகின்றன? மூலங்களின் அமைப்பே ஒரு காரணம். செய்யுள் வடிவில் அவர் இயற்றிய சுயசரிதை சிறை விடுதலையோடு நிறைவுறுகிறது. 1912-க்குப் பிந்தைய இருபத்துநான்கு ஆண்டுகள் அதில் இல்லை. வாழ்க்கை வரலாற்று நூல்கள் பெரிதும் அச்சுயசரிதையின் வழியே நடப்பதால், அது நின்ற இடத்திலேயே அவையும் தளர்கின்றன. ம.பொ.சிவஞானத்தின் 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் நூற்பெயரும், 1961-இல் பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் வந்த அதே பெயருடைய திரைப்படமும் கப்பலையும் செக்கையும் மக்கள் நெஞ்சில் நிலைநிறுத்தின. அவ்விரு சின்னங்களும் 1912-க்கு முந்தியவை. நினைவு நின்ற ஆண்டு அதுவே.

ஆட்சிக்குச் செல்லும் வாயில்கள்

இனி முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். தொழிலாளர் முன்னோடி ஒருவர் அரசியலாளராகி ஆட்சிப் பொறுப்பேற்க மூன்று நிறுவன வாயில்கள் தேவை. சட்டத்தின் ஏற்புப் பெற்ற தொழிற்சங்கம் முதலாவது. தேர்தலும் தொழிலாளர் சார்பான இடங்களும் இரண்டாவது. தொழிலாளர் நலனைத் துறையாகக் கொண்ட அமைச்சு மூன்றாவது.

முதல் வாயில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தால் திறந்தது. அதற்கு முன் சங்கத் தலைவர் மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுக்க முடியும் என்பதைச் சென்னைப் பின்னி ஆலைகளின் நிர்வாகம் வாடியா முதலியோர் மீது தொடர்ந்த வழக்கு காட்டியது. இரண்டாவது வாயில் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்வழி மாகாணச் சட்டமன்றத்தில் தொழிலாளர்க்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டபோது அகன்றது. மூன்றாவது வாயில் 1937 சூலையில் இராசாசி அமைச்சரவை பொறுப்பேற்றபோது திறந்தது. அதில் தொழிலாளர் துறை அமைச்சரானவர் வி.வி.கிரி. பின்னர் அவர் இலங்கையில் இந்தியத் தூதராகவும் நடுவண் தொழிலாளர் அமைச்சராகவும் உயர்ந்தார்.

வ.உ.சி. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில், தம் விருப்பப்படியே அங்குக் கொண்டுவரப்பட்ட நிலையில், காலமானார். மூன்றாம் வாயில் திறக்க எட்டு மாதங்கள் இருந்தன. 1908-இல் அவர் நின்ற இடத்தில் மூன்று வாயில்களுமே இல்லை.

உலகளாவிய ஒப்புமை ஒன்று இதனை மேலும் தெளிவுபடுத்தும். சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவான அதே 1906-இல் போலந்திலிருந்து யாஃபா துறைமுகம் வந்திறங்கிய டேவிட் பென்-குரியன், பழத்தோட்டத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கினார். 1920-இல் 'இஸ்தத்ரூத்' என்னும் பொதுத் தொழிற்சங்கம் தோன்றியது. 1921 முதல் 1935 வரை அவர் அதன் செயலாளராக இருந்தார். 1948-இல் இசுரேலின் முதல் தலைமையமைச்சரானார். அச்சங்கம் தொடக்கத்தில் யூதத் தொழிலாளர்க்கு உரியதாகவே அமைந்தது. கூலிப் பேச்சோடு நில்லாது மருத்துவம், கட்டுமானம், வங்கி எனப் பல துறைகளையும் தானே நடத்தியது. தனிமனிதர் சிறைப்பட்டாலும் மறைந்தாலும் தொடரக்கூடிய அமைப்பு அது. வ.உ.சி.யும் கப்பல் நிறுவனம், தரும சங்க நெசவுச்சாலை, சுதேசிப் பண்டகசாலை என நிறுவனங்களைக் கட்டவே முனைந்தார். ஆயின் அவர் கட்டிய நிறுவனங்கள் வணிக நிறுவனங்களாக இருந்தன. தொழிலாளரைத் திரட்டியபோது நிறுவனம் கட்டக் காலம் கிடைக்கவில்லை. பிப்ரவரி 27-க்கும் மார்ச் 12-க்கும் இடையே இரு வாரங்களே இருந்தன.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றை இவ்வாறு தொகுக்கலாம்.

வ.உ.சி.யின் தொழிலாளர் பணி, கரிசல் பருத்தி, ஹார்வி ஆலை, தூத்துக்குடித் துறைமுகம் ஆகியவை பிணைந்த ஒரு வட்டாரப் பொருளியலிலிருந்து எழுந்தது. அது கப்பல் போட்டியோடு உறவுடையதாயினும் அதற்குள் அடங்கியதன்று. கப்பல் நிறுவனம் மறைந்தபின் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடர்ந்தமை இதற்குச் சான்று.

1908 மார்ச் மாதத் தூத்துக்குடி வேலைநிறுத்தம், தலைவரின் சிறைப்பாட்டை எதிர்த்த அரசியல் வேலைநிறுத்தம் என்னும் வகையில் பம்பாய்க்கு முந்தியது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் பொதுநூல்களில் அதற்குரிய இடம் வழங்கப்பட வேண்டும்.

கோவில்பட்டி ஆண்டுகள் ஒருவரின் வீழ்ச்சிக் காலமல்ல. சட்டமும் சங்கமும் வாக்குரிமையும் அமையாத காலத்தில் தொழிலாளரை முதலில் திரட்டியவர் தனி ஆளாகச் செலுத்திய விலையின் காலம் அது. அவ்விலையைச் செலுத்திக்கொண்டே அவர் வழக்குமன்றம் சென்றார், மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார்.

தூத்துக்குடித் துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஓட்டப்பிடாரத்து இல்லம் நினைவகமாகியுள்ளது. பிறந்த ஊரும் கப்பல் விட்ட ஊரும் அவரை நினைவில் நிறுத்தியுள்ளன. வாழ்ந்து உழைத்த கோவில்பட்டியை அவ்வரிசையில் சேர்க்கும் கடமை ஆய்வாளருக்கு உரியது. அவ்வாண்டுகளின் வழக்குமன்றப் பதிவுகள், வட்டார இதழ்கள், பதிப்புப் பணி தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராயும்போது, கப்பலுக்கும் செக்கிற்கும் அப்பால் நிற்கும் வ.உ.சி.யை, உழைப்பவர் பக்கம் இறுதிவரை நின்ற கரிசல் மனிதரை, முழுமையாகக் காணும் வழி பிறக்கும்.